ப்ராஜெக்ட், அசைன்மென்ட், ரெக்கார்டு: காப்பிப் பேச்சுக்கே இடமில்லாமல் முடிப்பது எப்படி?

ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய சாயங்காலம், பழைய வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பள்ளிக்கூடத்தை ஒட்டியிருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். விக்கிப்பீடியாவில் எடுத்த பிரிண்ட், முன்பக்கத்தில் பூப்போட்ட பார்டர், ஸ்பைரல் பைண்டிங். மறுநாள் அதே பத்திகள் மூன்று பேர் பெயரில் ஆசிரியர் மேசைக்குப் போகும். அந்த மூன்று பேரும் திருட நினைத்தவர்கள் அல்ல. கடைசி நாள்வரை தள்ளிப்போட்டார்கள், எதை எங்கே எடுத்தோம் என்று குறித்துவைக்கவில்லை. எழுத்துத் திருட்டில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. அதனால் அதைத் தடுக்க வேண்டிய இடமும் கடைசிப் பக்கம் அல்ல, முதல் குறிப்பு எடுக்கும் இடம்.

எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும், கல்லூரியில் முதல் வருடத்திலும் இருப்பவர்களுக்கான வழி இது. பத்துப் பக்க ப்ராஜெக்ட்டுக்குப் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதல் நாள் விசாரணை, நான்கு நாள் தேடலும் குறிப்பும், மூன்று நாள் எழுத்து, ஒரு நாள் மேற்கோளும் பட்டியலும், கடைசி நாள் சரிபார்ப்பு. பைண்டிங்கைக் கொடுக்கும் நாள் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குத்தான் கடையில் கரண்ட் போகும்.

செலவு பெரிதாக ஆகாது. ஏ4 தாள் 10 வாங்கி நான்காகக் கிழித்தால் 40 துண்டுச்சீட்டு. ஜெராக்ஸ் பக்கத்துக்கு ஒன்றிரண்டு ரூபாய், கறுப்பு வெள்ளை பிரிண்ட் அதைவிடக் கொஞ்சம் கூட, கலர் பிரிண்ட்தான் கையைக் கடிக்கும். வகுப்பு முழுக்கச் சேர்ந்து வாங்குவதானால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாளும் சார்ட்டும் மொத்த விலைக்குக் கிடைக்கும். எழுதி ஒட்டி ரெடியாக விற்கும் ப்ராஜெக்ட் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம். அதே கட்டு அடுத்த தெருப் பள்ளிக்கும் போயிருக்கும்.

1. முதல் நாள் கேட்டு எழுதிவைக்க வேண்டியவை

"கேட்டால் மிஸ் திட்டுவாங்க" என்று பேசாமல் வருவதில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது. இவற்றைக் கேளுங்கள். எத்தனை பக்கம், கையெழுத்தா டைப்பா? தனியாகவா, குழுவாகவா? குழு என்றால் எந்தப் பகுதியை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டும்? இணையத்திலிருந்து எடுக்கலாமா? ஏ.ஐ. பயன்படுத்தலாமா, எந்த அளவுக்கு? எடுத்த இடங்களைப் பக்கத்தின் அடியில் குறிப்பதா, கடைசியில் பட்டியலாகத் தருவதா? வைவா, அதாவது செய்ததைப் பற்றி நேரில் கேள்வி கேட்பது, உண்டா?

பதிலை டைரியில் தேதியோடு எழுதுங்கள். பின்னால் "குழு ப்ராஜெக்ட்தானே, ஒரே மாதிரிதானே இருக்கும்" என்று சொல்ல நேர்ந்தால் அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

வைவாவைப் பற்றி அவசியம் கேளுங்கள். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியலில் ப்ராஜெக்ட்டுக்கு 20 மதிப்பெண், அதில் வைவாவுக்கும் பங்கு உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடுகளுக்கும் ஆசிரியர் இரண்டு கேள்வி கேட்காமல் மதிப்பெண் போடுவது அபூர்வம். காப்பியைக் கண்டுபிடிக்க எந்த சாஃப்ட்வேரும் தேவையில்லை. நீங்கள் எழுதிய வரியையே சுட்டிக்காட்டி, "இந்த வார்த்தைக்கு என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டாலே போதும்.

2. எடுக்கும்போதே ஊரும் பேரும்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மற்றவை எளிதாகிவிடும். ஒரு துண்டுச்சீட்டில் ஒரு செய்தி மட்டும். மேலே இடப்பக்கம் எங்கிருந்து எடுத்தது: நூல் என்றால் ஆசிரியர், தலைப்பு, பக்க எண், இணையம் என்றால் தளத்தின் பெயர், கட்டுரைத் தலைப்பு, பார்த்த தேதி, ஆள் என்றால் அவர் யார், எங்கே பேசினீர்கள், எப்போது. செய்தியைத் தொடங்கும் முன் ஓரத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள்.

"மே" என்றால் மேற்கோள். அங்கே இருந்த வார்த்தை மாறாமல் எடுத்தது. சீட்டிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதிவிடுங்கள்.
"சு" என்றால் சுருக்கம். படித்துவிட்டு உங்கள் வார்த்தையில் எழுதியது.
"என்" என்றால் அது உங்கள் யோசனை, உங்கள் கேள்வி.

எண்ணூர் முகத்துவாரத்தைப் பற்றி ஒன்பதாம் வகுப்பு மாணவி ப்ராஜெக்ட் செய்கிறார் என்று வையுங்கள். அவருடைய ஒரு சீட்டு இப்படி இருக்கும்:

(ஆசிரியர் பெயர், நூல் தலைப்பு), ப. 14, கிளை நூலகம், ஜூலை 3.
சு: அனல்மின் நிலையச் சாம்பல் படிகிறது, ஆழம் குறைகிறது, இறால் வரத்து குறைகிறது.
என்: வலைக் கண் சிறிதானதும் ஒரு காரணமா? யாரிடமாவது கேட்க வேண்டும்.

மூன்று நாள் கழித்து எழுத உட்காரும்போது எந்த வரி யாருடையது என்று அவருக்குச் சந்தேகமே வராது. குறி போடாமல் நோட்டில் பத்தி பத்தியாக எழுதிவைத்தவருக்கு, எல்லாமே தான் எழுதியது போலத் தெரியும். தன் கையெழுத்தில் இருக்கிறதே! வேண்டுமென்று காப்பி அடித்து மாட்டுபவர்களைவிட இப்படி மாட்டுபவர்கள்தான் அதிகம்.

போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மேலே இருக்கும் தள முகவரியும் படத்தில் விழட்டும். வெறும் பத்தியை மட்டும் வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட் இரண்டு நாளில் அநாதையாகிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி என்றால், அதை முதலில் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முடிந்தால் எடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

3. எங்கே தேடுவது

முதலில் பாடப்புத்தகம். பிறகு வீட்டுக்குப் பக்கத்துக் கிளை நூலகம். பழைய நாளிதழ்களை எத்தனை மாதத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நூலகரிடம் கேளுங்கள். உள்ளூர் விஷயங்களுக்கு நாளிதழ்போல வேறொன்று உதவாது. அங்கே கிடைக்காவிட்டால் எழும்பூர் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம். இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி வந்துசேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து மெட்ரோவில் வந்தால் சென்ட்ரலில் மாறி எழும்பூரில் இறங்கி நடந்துவிடலாம். ஒரு முழுச் சனிக்கிழமை ஒதுக்குங்கள்.

வீட்டிலிருந்தபடியே தேட, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், பழைய இலக்கியங்களுக்கு மதுரைத் திட்டமும் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். அது கொஞ்சம் அதிகப்படி. வாசலாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்களுக்குப் போய், அந்த மூலத்தைப் படித்து, மூலத்தையே குறிப்பிடுங்கள். மூலத்தைப் பார்க்காமல் விக்கிப்பீடியாவின் அடிக்குறிப்பை மட்டும் தூக்கித் தன் பட்டியலில் சேர்ப்பதும் ஏமாற்றுதான். படிக்காத நூலைப் படித்ததாகச் சொல்கிறீர்கள்.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய ஆட்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். காசிமேட்டில் வலை பின்னுகிறவர், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக்காரர், ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா. இருபது நிமிடம் பேசினால் எந்த வலைத்தளத்திலும் இல்லாத இரண்டு பக்கம் கிடைக்கும். அதை யாரும் காப்பி என்று சொல்ல முடியாது. போகும்முன் ஐந்து கேள்வி எழுதிக்கொள்ளுங்கள். பதிவு செய்யலாமா, பெயர் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். பெயர் வேண்டாம் என்றால் "மீனவர், காசிமேடு, நேர்காணல்" என்று தேதியோடு போட்டால் போதும். முகத்துவாரப் பக்கம் போவதானால் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

4. எதற்குக் கடன் சொல்ல வேண்டும், எதற்கு வேண்டாம்

எல்லோரும் அறிந்த செய்திக்கு மூலம் காட்ட வேண்டியதில்லை. 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது, வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது: இவை யார் எழுதினாலும் மாறாத செய்திகள். ஆனால் மெட்ரோ வந்ததால் பஸ்ஸில் கூட்டம் எவ்வளவு குறைந்தது என்று ஒரு எண் எழுதினால், அதை எண்ணியவர் யார் என்று சொல்லியாக வேண்டும்.

எண்ணூர்க் கடலில் 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது பொதுச் செய்தி. எத்தனை டன் கொட்டியது என்பது அப்படியல்ல. முதலில் சொன்ன கணக்கும் பிறகு சொன்ன கணக்கும் பெரிதும் வேறுபட்டன. எந்த எண்ணை எடுத்தீர்களோ அதை எந்தத் தேதியில் யார் சொன்னார்கள் என்று குறிக்காவிட்டால் திருட்டுப் பிரச்சினையோடு தப்புத் தகவல் பிரச்சினையும் சேரும்.

சுருக்கமாக: எண், சதவீதம், ஒருவருடைய கருத்து, ஒருவர் கண்டுபிடித்த விளக்கம், ஒருவர் வரைந்த படம், ஒருவருடைய வார்த்தை இவற்றுக்கெல்லாம் மூலம் வேண்டும். சந்தேகம் வந்தால் போட்டுவிடுங்கள். கூடுதலாக ஒரு அடிக்குறிப்பு போட்டதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைத்ததில்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பதிப்புரிமை வேறு, எழுத்துத் திருட்டு வேறு. பாரதியார் எழுத்துகள் 1949-லேயே அரசுடைமையாகிவிட்டன, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதற்காக அவர் வரியை உங்கள் வரியாகக் கட்டுரையில் எழுத முடியுமா? விக்கிப்பீடியாவும் அப்படித்தான். எடுத்தாள அனுமதி உண்டு, எடுத்த இடத்தைச் சொல்ல வேண்டும் என்பதும் அந்த அனுமதிக்குள்ளேயே இருக்கிறது.

5. மூடிவைத்து எழுதுங்கள்

"சொந்த நடையில் எழுது" என்று எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி என்று சொல்வதில்லை. மாதிரிக்கு ஒரு பத்தி:

"கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில் எண்ணூர் முகத்துவாரம் உள்ளது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இந்த உவர்நீரில் இறால், நண்டு, மடவை ஆகியவை வளர்கின்றன. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்ததால் மீன்வரத்தும் குறைந்தது."

இதைப் பெரும்பாலானோர் இப்படி மாற்றுகிறார்கள்:

"கொசஸ்தலை நதி சமுத்திரத்தில் கலக்கும் பகுதியில் எண்ணூர் கழிமுகம் அமைந்துள்ளது. நதிநீரும் சமுத்திர நீரும் சேரும் இந்த உப்பு நீரில் இறால், நண்டு, மடவை முதலியன வாழ்கின்றன. அனல்மின் நிலையச் சாம்பல் தேங்கி ஆழம் குன்றியதால் மீன்வரவும் குன்றியது."

ஆறு நதியாயிற்று, கடல் சமுத்திரமாயிற்று. வரிசை அதே, வாக்கிய எண்ணிக்கை அதே, மீன்களின் வரிசைகூட அதே. சட்டைக்குப் பட்டன் மாற்றிய கதை. மூலத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு எழுதினால் இப்படித்தான் வரும், கண் அங்கேயே போய்ப் போய் வரும்.

செய்ய வேண்டியது இது. பத்தியை இரண்டு முறை படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள், போனைக் கவிழ்த்து வையுங்கள். பத்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். பிறகு தம்பிக்கோ அம்மாவுக்கோ வாயால் சொல்லுங்கள். சொன்ன வரிசையில் எழுதுங்கள். கடைசியாகத்தான் மூலத்தைத் திறந்து, தகவல் தப்பாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அப்போது வருவது இப்படி இருக்கும்:

"எண்ணூரில் மீன் ஏன் குறைந்தது என்று கேட்டால் முதலில் தண்ணீரின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். சாம்பல் படிந்து முகத்துவாரம் மேடாகிவிட்டது என்றும், இறாலுக்கும் மடவைக்கும் இருந்த இடம் அதனால் சுருங்கியது என்றும் நூல் சொல்கிறது (ப. 14). காட்டுக்குப்பத்தில் நாங்கள் பேசிய மீனவரிடம் வலைக் கண் அளவைப் பற்றியும் கேட்டோம்."

கேள்வியில் தொடங்கியிருக்கிறது, காரணம் முன்னால் வந்திருக்கிறது, மூலமும் இருக்கிறது, நீங்களும் இருக்கிறீர்கள். வார்த்தை மாறினாலும் மூலம் காட்ட வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சொந்த வார்த்தையில் எழுதிவிட்டால் கடன் தீர்ந்தது என்பது தவறான நம்பிக்கை. செய்தி இன்னும் அவருடையதுதான்.

வரி அவ்வளவு நன்றாக இருக்கிறது, மாற்றவே மனம் வரவில்லை என்றால் அப்படியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ஆனால் ஒரு பக்கத்துக்கு மூன்று வரிக்கு மேல் மேற்கோளாக இருந்தால் அந்தப் பக்கத்தில் நீங்கள் இல்லை என்று அர்த்தம்.

6. மேற்கோளும் பட்டியலும்

"நன்றி: கூகுள்" என்று கடைசிப் பக்கத்தில் எழுதுவது கடிதம் எழுதியவரை விட்டுவிட்டுத் தபால்காரருக்கு நன்றி சொல்வது மாதிரி. கூகுள் தேடித் தந்தது, எழுதியவர் வேறு ஆள். "இணையத்தளங்கள்", "நாளிதழ்கள்" என்று மொத்தமாகப் போடுவதும் செல்லாது.

நூலுக்கு: ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், பதிப்பு ஆண்டு, பக்கம். இந்த விவரம் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் இருக்கும். நூலகத்தில் இருக்கும்போதே அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துவிடுங்கள், ஆண்டுக்காக மட்டும் மறுபடி எழும்பூர் போக வேண்டாம். பாடநூல் என்றால் வகுப்பு, பாடம், ஆண்டு, பக்கம், வெளியீடு தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம். நாளிதழ் என்றால் இதழின் பெயர், செய்தித் தலைப்பு, தேதி, பக்கம். இணையக் கட்டுரை என்றால் எழுதியவர், தலைப்பு, தளம், முழு முகவரி, பார்த்த நாள்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. அகர வரிசை இனிஷியலை வைத்து வராது, பெயரை வைத்து வரும். "சாமிநாதையர், உ.வே." என்று எழுதி "சா" வரிசையில் வையுங்கள். ஜ, ஸ, ஹ போன்ற எழுத்தில் தொடங்கும் பெயர்கள் "ன" வரிசைக்குப் பிறகு. அடிக்குறிப்பில் அதே நூல் அடுத்தடுத்து வந்தால் இரண்டாம் முறை "மேலது, ப. 22" என்றால் போதும். நடுவில் வேறு நூல் வந்துவிட்டால் "மேலது" போடக் கூடாது, அது அந்த வேறு நூலைக் காட்டிவிடும்.

குறளுக்குக் குறள் எண்ணும் சங்கப் பாடலுக்குப் பாடல் எண்ணும் போதும், பக்கம் வேண்டாம். ஆனால் கீழே எழுதும் பொருள் யாருடையது? பரிமேலழகர் உரையா, மணக்குடவர் உரையா, கைடில் இருந்ததா? உரையாசிரியர் பெயர் இல்லாமல் உரையை மட்டும் எழுதுவது தமிழ் அசைன்மென்ட்டுகளில் தினமும் நடக்கிறது. யாரும் அதைத் திருட்டாக நினைப்பதில்லை. கல்லூரிக்குப் போனதும் அதே பழக்கம் கழுத்தைப் பிடிக்கும்.

7. படமும் சார்ட்டும்

தேடலில் வந்த படத்துக்கு அடியில் "படம்: கூகுள்" என்று போடாதீர்கள். படத்தின் மேல் தட்டி, அது இருக்கும் பக்கத்துக்குப் போனால் எடுத்தவர் பெயர் கிடைக்கும். விக்கிமீடியா காமன்ஸில் ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவரும் உரிமமும் இருக்கும். அதை அப்படியே படத்தடியில் எழுதுங்கள்.

இதைவிட நல்லது போனில் நீங்களே எடுப்பது. ராயபுரம் ஸ்டேஷன் முகப்பை வெளியே சாலையில் நின்றே எடுத்துவிடலாம். துறைமுக கேட், மின்நிலைய வளாகம் பக்கம் மட்டும் போனைத் தூக்காதீர்கள், காவலர் நிறுத்துவார். "படம்: மாணவர் எடுத்தது" என்ற ஒரு வரி பக்கத்தின் மதிப்பையே கூட்டிவிடும். வரைபடத்தைப் பார்த்துக் கையால் வரைந்தாலும் "பாடநூல் வரைபடத்தைப் பார்த்து வரைந்தது" என்று எழுதுங்கள்.

8. லேப் ரெக்கார்டு

குழுவாகச் சோதனை செய்தால் அளவீடு எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் தப்பில்லை. கணக்கும் முடிவும் தனித்தனியே எழுத வேண்டும். சோதனையே செய்யாமல் சீனியர் ரெக்கார்டிலிருந்து அளவீட்டை எடுப்பதுதான் மாட்டிவைக்கும். எப்படி மாட்டும் என்று பாருங்கள்.

தனி ஊசல் சோதனை. நீளம் 100 செ.மீ. என்றால் 20 அலைவுக்குச் சுமார் 40 நொடி வரும். ஒருவர் கால்குலேட்டரில் கணக்குப் போட்டு 40.14 என்று எழுதுகிறார். லேபில் இருப்பதோ அரை நொடிக்குக் கீழே காட்டாத ஸ்டாப் கிளாக். புள்ளி ஒன்று நான்கு எங்கிருந்து வந்தது? வேதியியலில் டைட்ரேஷனும், அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனையும், இதே கதைதான். பியூரெட் என்ற அளவுக்குழாயில் மிகச் சிறிய பிரிவு 0.1 மி.லி., ரெக்கார்டில் 19.87. பரிசோதகர் அதற்குமேல் படிக்கவே வேண்டாம்.

உங்கள் ஊசல் 39.5 காட்டினால் 39.5 என்றே எழுதுங்கள். ஏன் குறைந்தது என்று ஒரு வரி சேருங்கள்: நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் அதன் அடிவரை அளந்திருக்கலாம், ஸ்டாப் கிளாக்கை ஒரு கணம் தாமதமாக ஓடவிட்டிருக்கலாம். நூலில் இருக்கும் விடையைவிட அந்த ஒரு வரிக்குத்தான் வைவாவில் மரியாதை.

9. மொழிபெயர்ப்பு, ஏ.ஐ., டியூஷன் நோட்ஸ்

ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் மாற்றினால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மொழி மாறினாலும் எழுத்து அவருடையதுதான். ஆங்கில மூலத்தைப் பட்டியலில் போடுங்கள், நீங்களே மொழிபெயர்த்த வரி என்றால் "தமிழாக்கம்: மாணவர்" என்று குறியுங்கள். இயந்திரம் பெயர்த்த தமிழ் தூரத்திலிருந்தே தெரியும். பத்திக்குப் பத்தி "மேலும்", ஒவ்வொரு பொருளும் ஏதோ ஒரு "முக்கியப் பங்கு வகிக்கிறது". தமிழாசிரியர்கள் இதைப் படித்துப் படித்து நொந்துபோயிருக்கிறார்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றை ஆசிரியர் அனுமதித்தால் மட்டும் தொடுங்கள். அனுமதித்தாலும் எழுதச் சொல்லாதீர்கள். புரியாத கருத்தை விளக்கச் சொல்லலாம், நீங்கள் எழுதியதில் என்ன விட்டுப்போனது என்று கேட்கலாம். எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். "இதற்கு ஐந்து நூல் சொல்" என்று கேட்டால் இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயர், பதிப்பு ஆண்டு, பக்க எண் எல்லாம் கூச்சமில்லாமல் தரும். குறள் எண்ணையும் மாற்றிச் சொல்லும். நூலகப் பட்டியலிலோ கையிலோ பார்க்காத நூல் உங்கள் பட்டியலில் ஏறக் கூடாது.

டியூஷன் நோட்ஸுக்குத் தனி எச்சரிக்கை. ஒரே சென்டரில் படிக்கும் இருபது பேர் அந்த நோட்ஸையே அசைன்மென்ட்டாக எழுதிக் கொடுத்தால், இருபதும் ஒரே தாளாக இருக்கும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய அது உதவட்டும், அசைன்மென்ட்டுக்கு அதை ஒரு மூலமாக மட்டும் நடத்துங்கள். அக்காவின் மூன்று வருடத்துக்கு முந்தைய ப்ராஜெக்ட்டும் அப்படியே. போன வருடம் நீங்களே கொடுத்ததை அட்டை மாற்றிக் கொடுப்பதானால் ஆசிரியரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

10. கொடுப்பதற்கு முன்னும் பின்னும்

சந்தேகமான வரியிலிருந்து தொடர்ச்சியாக எட்டுப் பத்து வார்த்தையை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அப்படியே எங்காவது வந்தால் அந்த வரியை மாற்றுங்கள் அல்லது மூலம் காட்டுங்கள். பத்துப் பக்கத்துக்கு இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். இலவசமாகச் சதவீதம் காட்டும் தளங்களை நம்பிக்கொண்டிருக்காதீர்கள். தமிழில் பல மூலங்கள் அவற்றுக்குச் சிக்குவதில்லை, "0%" என்று வந்ததாலேயே சுத்தம் என்று ஆகாது. பெயர் தெரியாத தளத்தில் முழுக் கட்டுரையையும் ஏற்றினால் அது எங்கே போய்ச் சேரும் என்பதும் உங்கள் கையில் இல்லை.

கல்லூரியில் ஆய்வேடு எழுதும் நிலை வரும்போது இதற்குச் சட்டமே இருக்கிறது. 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளின்படி மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம்வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடம்வரை கொடுக்கவே முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. நூற்பட்டியலும் மூலம் காட்டிய மேற்கோளும் இந்தக் கணக்கில் வராது. பள்ளிக்கு இந்த விதி பொருந்தாது என்றாலும், "10 சதவீதம் காப்பி அடிக்கலாமாமே" என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள்.

டைப் செய்வதானால் கூகுள் டாக்ஸில் செய்யுங்கள். எந்த நாள் எந்த வரி சேர்ந்தது என்று அதன் வெர்ஷன் ஹிஸ்டரி காட்டும். சொந்தமாக எழுதியும் "நீயா எழுதினே?" என்று கேட்கப்படும் பிள்ளைகள் உண்டு, அதிலும் வழக்கமாகக் குறைந்த மதிப்பெண் வாங்கும் பிள்ளை நன்றாக எழுதிவிட்டால் இந்தக் கேள்வி நிச்சயம். அழவோ எதிர்த்துப் பேசவோ வேண்டாம். டைரியில் எழுதிய முதல் நாள் பதில், துண்டுச்சீட்டுக் கட்டு, அடித்துத் திருத்திய ரஃப் தாள், வெர்ஷன் ஹிஸ்டரி நான்கையும் மேசையில் வைத்து, "எந்தப் பக்கத்திலிருந்து வேணும்னாலும் கேளுங்க மிஸ்" என்று சொல்லுங்கள்.

உண்மையாகவே ஒரு பத்தி தவறி வந்துவிட்டது என்று கொடுத்த பிறகு தெரிந்தால், ஆசிரியர் தாளைத் திருத்துவதற்கு முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். எந்தப் பக்கம், எந்த மூலம் என்று எழுதிய ஒரு தாளும் நீங்கள் சரிசெய்து எழுதிய பக்கமும் கையில் இருக்கட்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மதிப்பெண்ணோடு முடிந்துவிடும். மதிப்பெண் ரிஜிஸ்டரில் ஏறும்வரை துண்டுச்சீட்டுக் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.